அடையும் தண்ணீரும்

லெந்து நாட்கள் முடிந்து, ஈஸ்டரும் போன பிறகு ஒரு அயர்ச்சி வருமே, கவனித்திருக்கிறீர்களா சகோதரிகளே? நாற்பது நாள் வீட்டு ஜெபங்கள், பெரிய வெள்ளி ஆராதனை, வந்தவர்களுக்குக் காப்பி, நடுவே பிள்ளைகளின் முழுப் பரீட்சை. எல்லாம் ஓய்ந்ததும் வேதத்தைத் திறந்தால் கண் எழுத்தின் மேல் ஓடுகிறது; மனசு ஓடுவதில்லை. "நம்ம விசுவாசமே போயிட்டுதோ?" என்று பயமாக இருக்கும்.

இளையையா, இளையரசனேந்தலிலே வாழ்க்கைப்பட்ட எனக்கு இரண்டாவது பிள்ளை ஏழு மாதமாக இருந்தபோது அந்தப் பயம் வந்தது. ஜெபத்தில் முழங்கால் போட்டால் தூக்கம். தூங்கப் போனால் அழுகை. நர்ஸாக இருந்து ஓய்வு பெற்ற என் பெரியம்மாவிடம் சொன்னேன். ஏதாவது வசனம் சொல்லித் தேற்றுவாள் என்று பார்த்தால், "ஏட்டி, ஆண்டவரைத் தேடுறது இருக்கட்டும். மொதல்ல ரத்தத்தைப் பாத்துட்டு வா" என்றாள்.

பார்த்தேன். ஹீமோகுளோபின் 8.6. நம்மைப் போன்ற பெண்களுக்கு 12 கிராமாவது வேண்டுமாம். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிப்பேருக்கு மேல் ரத்தசோகை. அத்தனை பேரும் தங்களுக்குப் பக்தி குறைந்துவிட்டதாக நினைத்தால் என்ன ஆவது! டாக்டர் சொன்னபடி இரும்புச்சத்து மாத்திரை, எலுமிச்சம்பழச் சாறு, முருங்கைக்கீரை. காப்பி, டீயோடு மாத்திரையை விழுங்கக் கூடாது என்பது பெரியம்மாவின் கண்டிப்பு. (நன்றாகத் தூங்கியும் சாப்பிட்டும், இரண்டு வாரத்துக்கு மேல் அழுகை நிற்காவிட்டால் அதையும் டாக்டரிடம் சொல்லத்தான் வேண்டும். வெட்கப்படாதீர்கள்.)

எலியா தீர்க்கதரிசியின் கதை அப்போதுதான் எனக்கு விளங்கிற்று. கர்மேல் மலையில் அவ்வளவு பெரிய வெற்றிக்குப் பிறகு, சாக வேண்டும் என்று சூரைச் செடியடியில் படுத்துக்கொண்டாரே, அவருக்குத் தேவதூதன் பிரசங்கமா பண்ணினான்? அடையும் தண்ணீரும் கொடுத்தான். தூங்கவிட்டான். மறுபடி எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். புத்திமதியெல்லாம் அப்புறம்தான்.

"தோனாவூர் அம்மாவைப் பாருங்கள், லீவே எடுக்காமல் 55 வருஷம்!" என்று கூட்டங்களில் சொல்லி நம்மை ஓடவைக்கிறவர்கள் உண்டு. நிஜம்தான். 1895-ல் இந்தியா வந்த ஏமி கார்மைக்கேல், 1951-ல் இறக்கும்வரை சொந்த நாடு திரும்பவில்லை. ஆனால் மீதிக் கதையை யாரும் சொல்வதில்லை. 1917-ல் மேற்கு மலையில் காட்டு நிலம் வாங்கி அங்கே வீடு கட்டினார். வெயில் காலத்தில் பிள்ளைகளும் ஊழியக்காரிகளும் அங்கே போய் இளைப்பாறினார்கள். 1931-ல் விழுந்து அடிபட்ட பிறகு ஏறக்குறைய இருபது வருஷம் அறையோடு கிடந்தார். புத்தகங்கள் பலவற்றை எழுதியது அந்தப் படுக்கையில்தான்.

அவரே ராக்லண்ட் ஐயரைப் பற்றி ஒரு புத்தகம் எழுதியிருக்கிறார். சென்னை உத்தியோகத்தை விட்டு, 1854-ல் நம் வட திருநெல்வேலிக் கரிசல் சீமைக்கு வந்து, கூடாரம் கூடாரமாக அலைந்து, 1858-ல் சிவகாசியில் 43 வயதில் இறந்தவர். அந்தத் தியாகத்தைக் குறை சொல்ல நான் யார்? ஆனால் நாலு வருஷ ஓட்டம் வேறு, நாற்பது வருஷ நடை வேறு. பிள்ளை வளர்க்கிற நமக்கு வாய்த்தது நடை.

இப்போது நான் செய்வது கொஞ்சம்தான். அடுப்பு பற்றவைக்கும்போது ஒரு வசனம். உலை கொதிக்கும்வரை அதையே நினைப்பேன். ஓய்வுநாள் பள்ளி வகுப்பை இரண்டு பேராகப் பிரித்துக்கொண்டோம். ஞாயிறு மத்தியானம் கதவைச் சாத்திக்கொண்டு தூக்கம்; பிள்ளைகளை அவர்கள் அப்பா பார்த்துக்கொள்வார். ஜெபிக்க வார்த்தை வராத நாளில் சபையார் ஜெபிக்க, நான் 'ஆமென்' மட்டும் சொல்லுகிறேன். அதுவும் ஜெபம்தானே?

பெண்கள் சங்கத்துக்கு மாதத்தில் இரண்டு புதன்கிழமைதான் வருவேன் என்று சொன்னபோது தலைவியம்மாவுக்கு முகம் சுருங்கிவிட்டது. அடுத்த மாதம் அவர்களே மெதுவாக என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அந்த ரத்தம் பாக்கிற எடம் எங்கம்மா இருக்கு?" என்று கேட்டார்கள்.