நாற்பதுக்குப் பிறகு நிறம்

எங்கள் பகுதியில் ஆண்களுக்கு நாற்பது வயது கடந்துவிட்டால் நிறங்கள் மெல்ல விலகிப் போகின்றன. பெருநாளுக்குப் பிள்ளைகளுக்குப் பச்சை, மஞ்சள், ஊதா என்று எடுப்பார்கள். தகப்பனுக்கு மட்டும் வெள்ளைச் சேர்ட். இப்படி யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் எல்லோரும் கடைப்பிடிக்கிறார்கள்.

என் வாப்பா புடவை வியாபாரி. பண்ணைப் பாலம் கடந்து, அல்லைப்பிட்டி, வேலணை வழியாக நாரந்தனைக்குப் போய் ஆட்டோவில் வைத்துத் துணி விற்பவர். விடுமுறை நாட்களில் நானும் கூடப் போயிருக்கிறேன்.

"இந்தக் கத்தரிப்பூ நிறம் உங்களுக்கு வடிவா இருக்கும் அண்ணை" என்பார் வாப்பா.

"இந்த வயதில எனக்கேன் தம்பி? மகனுக்கு ஒண்டு தாங்கோ" என்பார் வாங்குபவர்.

விற்கும் வாப்பாவும் வெள்ளைச் சேர்ட்டோடுதான் நிற்பார்.

சிலர் இதை மார்க்கம் என்று எண்ணுகிறார்கள். நபி (ஸல்) அவர்கள் வெள்ளை ஆடையைச் சிறப்பித்துச் சொன்னது உண்மை. அவர்கள் பச்சை ஆடை அணிந்திருந்ததைக் கண்டவர் அறிவித்ததும் உண்மை. இரண்டும் அபூதாவூத், திர்மிதி ஆகிய கிரந்தங்களில் உள்ளன. ஆண்களுக்குப் பட்டு விலக்கப்பட்டது. சில சாயங்கள் பற்றியும் பேசப்பட்டிருக்கிறது. ஆனால் நாற்பது வயதுக்கு மேல் நிறம் கூடாதென்ற விதி இல்லை.

வேடிக்கை என்னவென்றால், இடுப்புக்குக் கீழே இந்தத் தடை கிடையாது. வாப்பாவின் பளையகாட் சாரத்தில் சிவப்பும் பச்சையும் ஊதாவுமாகக் கட்டங்கள். பளையகாட் என்பது சென்னைக்கு வடக்கேயுள்ள பழவேற்காட்டின் பெயர். ஒல்லாந்தர் 1613இல் அங்கே கோட்டை கட்டி, அவ்வட்டாரத் துணிகளைக் கிழக்கு நாடுகளுக்குக் கப்பலேற்றினார்கள். மலாய் மொழியிலும் கட்டம் போட்ட சாரத்துக்கு அந்த ஊரின் பெயர்தான். நூற்றாண்டுகளாக நம் ஆண்கள் உடுத்த நிறங்கள், சேர்ட்டுக்கு வந்ததும் ஏன் கூச்சம் தருகின்றன?

ஒருநாள் வாப்பாவிடமே கேட்டேன். சற்று நேரம் பேசாமலிருந்துவிட்டுச் சொன்னார்:

"1990 ஒக்டோபர்ல ஊரை விட்டு வெளிக்கிடேக்க எனக்குப் பதினைஞ்சு வயது மகள். ஆசையாத் தைச்ச நீலச் சேர்ட் ஒண்டு கொடியில காய்ஞ்சுகொண்டிருந்தது. எடுக்க நேரமில்லை. புத்தளத்தில முகாமில குடுத்ததைத்தான் உடுத்தன். பிறகு உழைக்கத் தொடங்கினாப்போல வெள்ளை மலிவு, எதோடயும் பொருந்தும். நிறமெல்லாம் உங்களுக்கெண்டு விட்டிட்டன்."

அவர் விட்டது வயதுக்காக அல்ல, எங்களுக்காக என்று அன்றுதான் விளங்கியது.

கடந்த ஹஜ்ஜுப் பெருநாளுக்கு, அவர் விற்கும் துணியிலேயே நீலத்தில் வெட்டி உம்மா ஒரு சேர்ட் தைத்தார். "புது மாப்பிள்ளை" என்று பள்ளிவாசலில் யாரோ பகிடி பண்ணினார்களாம். வாப்பா சிரித்துக்கொண்டே வந்து சொன்னார். வியாபாரத்துக்கு இன்னும் வெள்ளைதான்; ஜும்ஆவுக்கு நீலம்.

தோழியரே, அடுத்த பெருநாளுக்குக் கடைக்குப் போனால் தகப்பனுக்கென்று வெள்ளையை எடுத்து நீட்டிவிடாதீர்கள். "வாப்பா, உங்களுக்கு எந்த நிறம் விருப்பம்?" என்று ஒருமுறை கேளுங்கள். வெள்ளைதான் என்றால் வெள்ளையே இருக்கட்டும். ஆனால் அது அவர் தெரிந்தெடுத்த வெள்ளையாக இருக்கட்டும்.