ஆம்பியர் முள்ளும் ஸ்கேனர் திரையும்

பழைய புல்லட்டின் வலப்பக்கம், சிலிண்டருக்கு அடியில், ஒரு சின்ன மூடி இருக்கிறது. ஒரே ஒரு நட்டைக் கழற்றினால் கையோடு வந்துவிடும். உள்ளே இரண்டு புஷ் ராடுகள்: ஒன்று இன்லெட் வால்வுக்கு, மற்றது எக்ஸாஸ்ட் வால்வுக்கு. ராயப்பேட்டைப் பக்கம் ஒரு சந்தில் பட்டறை வைத்திருக்கும் மூத்த மெக்கானிக், அவற்றைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பிடித்து ஒவ்வொன்றாகச் சுழற்றிப் பார்க்கிறார். ராடு தடையில்லாமல் சுழல வேண்டும். ஆனால் மேலும் கீழும் இம்மியும் ஆடக் கூடாது. சுழலவில்லை என்றால் டேப்பெட் இறுக்கம். வால்வு முழுசாக மூடாது, கம்ப்ரஷன் கசியும், நாளடைவில் வால்வே கருகும். ஆடினால் தளர்வு, தெருமுனை வரைக்கும் டக்டக் சத்தம் கேட்கும். இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கும் அளவை அவருடைய விரல்கள் அறியும்.

"வண்டி நல்லா ஆறியிருக்கணும் தம்பி. சூட்டுல வெச்சா அளவு பொய் சொல்லும். ராத்திரி விட்டுட்டுப் போங்கன்னு சொல்றது அதுக்குத்தான். சில பேரு நான் வேலையை இழுக்கிறதா நினைச்சுக்குவாங்க" என்கிறார். வாடிக்கையாளர்கள் அவரைப் பாய் என்றுதான் கூப்பிடுகிறார்கள். பட்டறைப் பையன்களுக்கு அவர் மாஸ்டர்.

அந்தப் பட்டறைக்கு நான் போனது கேள்வி ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு. 2020 ஏப்ரல் 1 முதல் பிஎஸ்-6 புகை மாசு விதி வந்தது. பெரும்பாலான மோட்டார் சைக்கிள்களில் கார்ப்பரேட்டர் போய் ஃப்யூயல் இன்ஜெக்‌ஷன் வந்து உட்கார்ந்தது. வண்டிக்குள் ஒரு குட்டிக் கணினி, அதற்குத் தகவல் சொல்ல அரை டஜன் சென்சார். காதையும் விரலையும் நம்பித் தொழில் செய்தவர்களுக்கு இதில் இடம் இருக்கிறதா?

சென்னைக்கும் புல்லட்டுக்கும் உள்ள உறவு எழுபது வருடத்தது. எல்லைக் காவலுக்கு 350 சிசி புல்லட் வேண்டும் என்று ராணுவம் கேட்டது. அதையொட்டி 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரைச் சேர்ந்த ராயல் என்ஃபீல்டும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் தொழிற்சாலை எழுந்தது. பிறகு இங்கிலாந்துத் தாய் நிறுவனம் மூடப்பட்டுவிட்டது, திருவொற்றியூர் நிற்கவில்லை. 70 மில்லிமீட்டர் அகலச் சிலிண்டருக்குள் பிஸ்டன் 90 மில்லிமீட்டர் ஏறி இறங்கும் அந்த வார்ப்பிரும்பு இன்ஜின், பெரிய மாற்றம் இல்லாமல் அரை நூற்றாண்டுக்கும் மேல் ஓடியது. அத்தனை காலம் ஒரே இன்ஜின் என்பதால் நகரத்தில் ஒரு தலைமுறை மெக்கானிக்குகள் அதைக் கண்ணை மூடிக்கொண்டு பிரித்துக் கோக்கும் அளவுக்குத் தேறினார்கள். உதிரிபாகம் ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டில் கிடைக்கும். அங்கே இல்லாதது புதுப்பேட்டையில் பழைய வண்டியிலிருந்து கழற்றியதாகக் கிடைக்கும். சிலிண்டர் தேய்ந்தால் ரீபோர் போட லேத் பட்டறை பக்கத்துத் தெருவில். ஒரு பல்கலைக்கழகம் செய்திருக்க வேண்டிய வேலையை இந்த மூன்று நான்கு தெருக்கள் சேர்ந்து செய்தன என்றுதான் எனக்குப் படுகிறது.

பாய் பத்து வயது தாண்டியதும் வேலைக்கு வந்தவர். அந்தக் காலத்தில் அது வழக்கம். முதல் வருடம் முழுக்க பனியன் வேஸ்டால் பாகங்களைத் துடைப்பதும், டீ வாங்கி வருவதும், கேட்ட ஸ்பேனரை எடுத்து நீட்டுவதும்தான். "பத்துப் பன்னெண்டு ஸ்பேனரைக் கேட்டா கை தன்னால போகணும். போகலைன்னா தலையில ஒண்ணு விழும்" என்கிறார். தன் பட்டறையில் அந்த அடியை அவர் தொடரவில்லை. பதினான்கு வயதுக்குக் கீழே யாரையும் சேர்ப்பதும் இல்லை. சட்டம் அனுமதிக்கவும் அனுமதிக்காது. இப்போது இருக்கும் இரண்டு பையன்களில் ஒருவன் ஐ.டி.ஐ. முடித்தவன். மற்றவன் பிளஸ் டூவோடு நின்றவன்.

ஒரு கல்லூரி மாணவர் அப்பாவின் பழைய புல்லட்டைத் தள்ளிக்கொண்டு வந்தார். உதைத்து உதைத்துக் கணுக்கால் வீங்கியிருந்தது. பாய் வண்டியில் கை வைக்கவில்லை. முதலில் உதைக்கக் கற்றுக்கொடுத்தார்.

ஹெட்லைட் கூட்டின் மேல் இருக்கும் ஆம்பியர் மீட்டரைப் பார்க்கச் சொன்னார். சாவியைப் போட்டதும் முள் மைனஸ் பக்கம் சாய்ந்தது. அப்படியென்றால் பாயின்ட் மூடியிருக்கிறது, காயிலுக்கு மின்சாரம் போகிறது. கிக்கரை மெல்ல அழுத்த, ஓரிடத்தில் கம்ப்ரஷன் தடுத்தது. அங்கே டீகம்ப்ரசர் லீவரைப் பிடித்துக்கொண்டு இன்னும் ஒரு நூல் நகர்த்தினார். முள் நடுவுக்கு வந்தது. பாயின்ட் திறந்துவிட்டது, பிஸ்டன் உச்சியைத் தாண்டி நிற்கிறது. லீவரை விட்டார், கிக்கரை மேலே வரவிட்டார், உடம்பு எடையைச் சேர்த்து ஒரே உதை. வண்டி எடுத்துக்கொண்டது. பிஸ்டன் உச்சிக்கு வருமுன் அவசரப்பட்டு உதைத்தால் கிக்கர் திருப்பி அடிக்கும். மாணவரின் கணுக்காலுக்கு அதுதான் நேர்ந்திருக்கிறது. பிறகுதான் பாயின்டைத் திறந்து, உப்புத்தாளால் மெல்லத் தேய்த்து, ஃபீலர் கேஜ் விட்டு இடைவெளி வைத்துக்கொடுத்தார். அவர் கேட்ட கூலி ஒரு சினிமா டிக்கெட் விலைகூட இல்லை.

அந்த முள்ளைப் படிக்கும் வித்தை இன்றைய வண்டிகளுக்குத் தேவையில்லை. 2021ல் வந்த ராயல் என்ஃபீல்டின் புது கிளாசிக்கில் கிக்கரே கிடையாது. 2023ல் வந்த புது புல்லட்டிலும் இல்லை. பட்டனை அழுத்தினால் போதும். ஓட்டுகிறவருக்கு இது பெரிய வசதி. குறிப்பாக இத்தனை காலம் கிக்கருக்குப் பயந்து புல்லட்டைத் தொடாத பெண்களுக்கு. இந்த மாற்றத்தைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பாயும் சொல்லவில்லை. அவருடைய குறை வேறு இடத்தில் இருக்கிறது.

டெலிவரி வேலை பார்க்கும் ஒரு இளைஞருடைய 150 சிசி வண்டி அன்று பட்டறையில் நின்றது. காலையில் நன்றாக ஓடும். மதியம் இன்ஜின் சூடேறியதும் சிக்னலில் திடீரென்று அணைந்துவிடும். அரை மணி நேரம் ஆறவிட்டால் மறுபடி ஓடும். ஏற்கெனவே ஒரு சர்வீஸ் சென்டரில் காட்டியிருக்கிறார். சென்சார் மாற்ற வேண்டும், வயரிங்கையும் மொத்தமாக மாற்றிவிடுவது நல்லது என்று அவருடைய ஒரு வாரச் சம்பாத்தியத்துக்கு மேல் மதிப்பீடு கொடுத்திருக்கிறார்கள். வண்டி ஓடாத நாளில் அவருக்கு வருமானமும் இல்லை.

ஐ.டி.ஐ. முடித்த பையன் சீட்டைக் கழற்றி, ஸ்கேனரின் கேபிளைச் சொருகினான். பல கம்பெனி வண்டிகளுக்கும் பொதுவாக வேலை செய்யும் ஸ்கேனர் அது. மாஸ்டரும் அவனும் ஆளுக்குப் பாதி போட்டு வாங்கியது. திரையில் பி0335 என்று வந்தது. கிராங்க் சென்சார் சர்க்யூட்டில் கோளாறு என்று அர்த்தம். கிராங்க் எந்த இடத்தில் சுழல்கிறது என்று கணினிக்குச் சொல்வது அந்தச் சென்சார்தான். அது பேசாவிட்டால் கணினி பெட்ரோலையும் விடாது, தீப்பொறியையும் விடாது.

சென்சாரை மாற்றிவிடலாமா என்று பையன் கேட்டான். பாய் இல்லையென்று தலையாட்டினார். "சர்க்யூட்டுன்னுதானே சொல்லுது. சென்சாரு கெட்டுப்போச்சுன்னு சொல்லலையே." வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, இன்ஜினிலிருந்து மேலே போகும் வயர்க் கட்டை அங்குலம் அங்குலமாக விரலால் அழுத்திக்கொண்டே போனார். சேசிஸ் குழாயை ஒட்டி வளையும் இடத்தில் கை வைத்ததும் இன்ஜின் நின்றது. அங்கே டேப்பைப் பிரித்துப் பார்த்தால், உரசி உரசி ஒரு வயரின் தோல் உரிந்திருந்தது. சூட்டில் இளகும்போது சேசிஸில் படுகிறது, ஆறினால் விலகிவிடுகிறது. அந்த இடத்தை வெட்டி, பற்றவைத்து, சுருங்கும் குழாய் போட்டு மூடி, உரசாத தூரத்தில் கட்டினார்கள். சென்சாருக்கு ஒன்றும் இல்லை.

ஸ்கேனர் எந்தப் பகுதியில் தேட வேண்டும் என்று சொன்னது. எந்த இடத்தில் என்று கண்டுபிடித்தது கை. நான் கொண்டுபோன கேள்விக்கு அங்கேயே பதில் கிடைத்துவிட்டது.

ஆனால் எல்லா வண்டியும் இப்படி வழிவிடுவதில்லை. பொது ஸ்கேனர் சில வண்டிகளில் பிழைக் குறியீட்டை மட்டும் காட்டும். சென்சார் நேரலையில் என்ன அளவு கொடுக்கிறது என்பதையோ, புதுப் பாகம் போட்டபின் கணினிக்கு அதை அறிமுகப்படுத்தும் வேலையையோ அனுமதிக்காது. அதற்குக் கம்பெனியின் சொந்தக் கருவி வேண்டும். அது வெளி மெக்கானிக்குக் கிடைப்பதில்லை. பாயின் குறை இதுதான்: "கத்துக்க மாட்டேன்னு நான் சொல்லலையே. புத்தகத்தையே பூட்டி வெச்சுட்டா எப்படிக் கத்துக்கிறது?"

இது ராயப்பேட்டைச் சந்தின் புலம்பல் மட்டுமல்ல. கார் கம்பெனிகள் விஷயத்தில் இதே வழக்கு நடந்திருக்கிறது. உதிரிபாகத்தையும் பழுது கண்டறியும் கருவியையும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததாக 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்குச் சுமார் 2,544 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022ல் பழுதுபார்க்கும் உரிமைக்காக ஒரு குழு அமைத்தது; அந்த ஆண்டு டிசம்பரில் இணையதளமும் தொடங்கியது. அதன் நான்கு துறைகளில் வாகனமும் ஒன்று. பாதை சரியானது. ஆனால் கையேட்டைக் கொடுத்தாக வேண்டும், கருவியை நியாய விலைக்கு விற்றாக வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டமாக அது இன்னும் மாறவில்லை.

பட்டறையில் அடுத்த பேச்சு பெட்ரோலைப் பற்றி. அலமாரியில் ஒரு தகர டப்பா நிறைய கார்ப்பரேட்டர் சாமான்கள். ஒரு ஃப்ளோட் கிண்ணத்தை எடுத்து என் கையில் வைத்தார். அடியில் வெள்ளைப் பொடி பூத்திருந்தது. மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்திய வண்டி. பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்த ஈரம் உலோகத்தை அரிக்கும். பழைய ரப்பர் ஹோஸும் வாஷரும் ஊறி உப்பிவிடும்.

20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல் 2025ல் நாடு முழுவதும் வந்துவிட்டது. முதலில் 2030க்கு வைத்த இலக்கு அது. கச்சா எண்ணெய் இறக்குமதி குறையும், கரும்பும் மக்காச்சோளமும் விளைவிப்பவருக்கு விலை கிடைக்கும் என்பது அரசின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் ஆற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு என்பதும் உண்மை. பழைய இரு சக்கர வண்டிகளில் மைலேஜ் 3 முதல் 4 சதவீதம் குறையலாம் என்று நிதி ஆயோக்கின் 2021 அறிக்கையே சொல்லியிருக்கிறது. எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்பனையில் வைக்கச் சொல்லித் தொடுத்த பொதுநல மனுவை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பர் 1 அன்று தள்ளுபடி செய்துவிட்டது. ஆக, பழைய வண்டி வைத்திருப்பவர் இதோடுதான் வாழ வேண்டும்.

அதற்கு வழி சொல்பவர் யார்? பாய்தான். பிளக்கைக் கழற்றி முனையைப் பார்க்கிறார். வெளுத்திருந்தால் காற்று அதிகம், கரி அப்பியிருந்தால் பெட்ரோல் அதிகம், பழுப்பாக இருந்தால் சரி. இப்போது வரும் பழைய வண்டிகளில் வெளுத்த பிளக் அதிகம் என்கிறார். ஒரு எண் பெரிய மெயின் ஜெட் போடுகிறார், ஏர் ஸ்க்ரூவைத் திருத்துகிறார், எத்தனால் தாங்கும் ஹோஸ் மாற்றுகிறார். வண்டியை நிறுத்திவைப்பதென்றால் கார்ப்பரேட்டரைக் காலி செய்துவிட்டு நிறுத்தச் சொல்கிறார்.

வெள்ளம் வந்தாலும் இதே கைகள்தான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகள் இந்தச் சந்தின் இரு பக்கமும் வரிசை கட்டி நின்றனவாம். இன்ஜின் ஆயிலில் தண்ணீர் கலந்தால் பால் ஊற்றிய காபி நிறத்துக்கு வந்துவிடும். அந்த நிலையில் ஸ்டார்ட் செய்தால் இன்ஜின் போச்சு. பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றி, ஆயிலை இரண்டு முறை மாற்றி, வயர் இணைப்புகளைப் பிரித்து உலர்த்தி, ராவும் பகலும் வேலை செய்திருக்கிறார்கள். பெரிய சர்வீஸ் சென்டர்களில் வாரக்கணக்கில் காத்திருக்கச் சொன்ன நேரம் அது.

திருவொற்றியூரில் புல்லட் டாங்கின் மேல் தங்கக் கோட்டைக் கையாலேயே வரையும் கலைஞர்களைப் பற்றி உலகமெங்கும் படம் எடுத்தார்கள், எழுதினார்கள். அந்தப் பெருமை அவர்களுக்கு உரியதுதான். அதே வண்டியை நாற்பது வருடம் ஓடவைக்கும் கைகளில் பலவற்றுக்கு ஒரு அடையாள அட்டைகூட இல்லாமல் இருக்கிறது. தமிழ்நாட்டில் அமைப்புசாரா ஓட்டுநர்களுக்கும் மோட்டார் வாகனப் பழுதுபார்ப்புத் தொழிலாளர்களுக்கும் நல வாரியம் உண்டு. பாய் அதில் உறுப்பினர். பையன்கள் இருவரும் இல்லை. பதிவு செய்யலாம் என்பதே அவர்களுக்குத் தெரியவில்லை.

2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரையிலான வண்டிக்கும் உதிரிபாகங்களுக்கும் ஜிஎஸ்டி 28லிருந்து 18 சதவீதம் ஆனது. வண்டி விலை குறைந்தது. சாலையில் வண்டி இன்னும் பெருகும். அவற்றைப் பழுதுபார்க்கப் போகிறவர்களுக்கு என்ன செய்திருக்கிறோம்? வாகன நிறுவனங்கள் தங்கள் கையேட்டையும் ஸ்கேனர் மென்பொருளையும் வெளிப் பட்டறைகளுக்கு நியாயமான விலையில் விற்க வேண்டும். அரசு ஐ.டி.ஐ.கள் இன்ஜெக்‌ஷனையும் பேட்டரி வண்டியையும் மாலை வகுப்பாக, தமிழில், வேலை பார்க்கும் மெக்கானிக்குகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும். உங்கள் தெரு மெக்கானிக்கிடம் வேலை பார்க்கும் பையன்கள் நல வாரியத்தில் பதிந்திருக்கிறார்களா என்று அடுத்த முறை வண்டி விடும்போது கேளுங்கள். இல்லையென்றால் விண்ணப்பம் நிரப்ப உதவுங்கள்.