நாலஞ்சு பேர்

தோட்டத்து வீடொன்றில் ராத்திரி புகுந்து, கிழவியை மிரட்டி நகையைப் பறித்துப்போன வழக்கு. யாருக்கும் காயமில்லை. புகாரில் ‘நாலஞ்சு பேர்’ என்றிருந்தது. போலீஸ் அதை ஐந்தாக எடுத்துக்கொண்டு 395-ஆம் பிரிவைப் போட்டுவிட்டது.

நீதிமன்ற வராந்தாவில் அதை ‘டெக்காயிட்டி’ என்போம், காகிதத்தில் கூட்டுக்கொள்ளை. பூட்டை உடைத்த ஒற்றைத் திருடனையும் பத்திரிகைகள் கொள்ளையன் என்றுதான் எழுதுகின்றன. சினிமாவோ சம்பல் பள்ளத்தாக்கு, குதிரை, துப்பாக்கி என்று கிளம்பிவிடும். 1860-இல் வந்த இந்திய தண்டனைச் சட்டத்துக்கு இவையெல்லாம் பொருட்டே இல்லை. அது தலையை எண்ணியது. நான்கு பேர் மிரட்டிப் பறித்தால் 392-இன் கீழ் கொள்ளை, பத்தாண்டு வரை சிறை. ஐந்தாவது ஆள் சேர்ந்தால் கூட்டுக்கொள்ளை, ஆயுள் வரை போகலாம். அந்த ஆள் நகையைத் தொட்டிருக்கவே வேண்டாம். கூட இருந்து உதவினால் போதும். அதற்குப் பதிலாக 2024-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் (310-ஆம் பிரிவு) இதே ஐந்துதான்.

வெளியே காவல் நின்ற ஐந்தாவது ஆள் என் கட்சிக்காரர் என்றது போலீஸ். வேன் ஓட்டுபவர். போலீஸிடம் அவர் ஒப்புக்கொண்டதாகச் சொன்னது சாட்சியச் சட்டம் 25-ஆம் பிரிவின்படி செல்லாது. அவரிடமிருந்து ஒரு குந்துமணி நகைகூடக் கைப்பற்றப்படவில்லை.

குறுக்கு விசாரணையில் கேட்டேன்: “ஏனுங்கம்மா, எத்தனை பேரைப் பார்த்தீங்க?”

“உள்ள வந்தது நாலு பேருங்க.”

“வெளியே?”

“ஒரே இருட்டுங்க. பேச்சுச் சத்தம் கேட்டுச்சுங்க.”

“அந்த நாலு பேர்ல ஒருத்தர் வெளிய போய்ப் பேசியிருக்கலாமில்லீங்களா?”

கொஞ்ச நேரம் யோசித்தார். “இருக்கலாமுங்க.”

இல்லை என்று அடித்துச் சொல்லியிருந்தால் என் பாடு திண்டாட்டம். நகையைப் பறிகொடுத்த கோபத்திலும் அவர் கூட்டிச் சொல்லவில்லை.

அரசு வழக்கறிஞர் விடவில்லை. ஐந்து பேர் பங்கெடுத்தது நிரூபணமானால், அதற்குக் குறைவானவர்களையும் 395-இல் தண்டிக்கலாம் என்ற உச்ச நீதிமன்றத் தீர்ப்பை நீட்டினார். சட்டம் சரிதான். ஆனால் ஐந்து பேர் என்பது முதலில் நிரூபணமாக வேண்டுமே! இருட்டில் கேட்ட குரலை நீதிபதி ஓர் ஆளாக எண்ண மறுத்தார். நால்வருக்கும் 392-இல் தண்டனை. என் கட்சிக்காரர் விடுதலை.

மறுவாரமே அந்த நால்வரில் ஒருவரின் அண்ணன் மேல்முறையீட்டுக்கு என்னைத் தேடி வந்தார். “உங்க தம்பி உள்ளே இருந்தார்னு கோர்ட்ல வாதாடினவனே நான்தாங்க” என்று சொல்லி, வேறு வக்கீலைப் பார்க்கச் சொன்னேன்.