கரிசற்காட்டு வானமும் சிறார் கல்வியும்

மழை குறைந்த நாடு என்று நம் விருதுநகர்ப் பகுதியைப் பிறர் இரங்கிக் கூறுவர். ஆயினும், கல்கத்தா சென்று தொழில் கற்று மீண்ட அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1923இல் சிவகாசியில் தொடங்கிய தீப்பெட்டித் தொழில் வேரூன்றியதும், பின்னர்ப் பட்டாசுத் தொழிலாகக் கிளைத்ததும் இவ்வறண்ட காற்றின் துணையாலன்றோ? மருந்து உலர உதவும் முகிலற்ற வானமே விண்மீன் காண்பதற்கும் உதவும் என்பதை மட்டும் நாம் நெடுங்காலம் எண்ணினோமில்லை. நாட்டின் குறை எனப்படுவதே சிறார் கல்விக்கு நிறையாதல் கூடும் என்பதை, எம் தெருப் பிள்ளைகள் சிலருடன் மாடித் தளத்தில் இரவுகள் பல கழித்து அறிந்தேன். அதனை ஈண்டுச் சுருங்க உரைப்பேன்.

முதற்கண் வேண்டுவது விலையுயர்ந்த கருவியன்று. வீட்டறையின் கூரைமேல் விண்மீன்களைப் படமாக வீழ்த்தும் சிறு பொறிகள் இக்காலத்துக் கடைகளிற் கிடைக்கின்றன. அவற்றுட் பல, மேலை வடநாடுகளின் வானத்தையே காட்டுவன. அந்நாடுகளில் துருவமீன் அடிவானத்துக்கும் உச்சிக்கும் இடையே நன்கு உயர்ந்து நிற்கும். விருதுநகரிலோ ஒன்பதரைப் பாகை அளவே எழுந்து, ஒரு பனைமரத்துக்கும் மறைந்துவிடும். பொறியை நம்பி வெளியே வந்த குழந்தை, தன் வானமே பிழையென்று மயங்கும். ஆகலின் யாம் பழைய கருங்குடை ஒன்றை விரித்து, அதன் உட்புறத்தே வடவான மீன்களைச் சுண்ணக்கோலாற் குறித்தோம். காம்பு துணியைத் தொடும் இடமே துருவம். குடையை வடக்கு நோக்கிச் சாய்த்து, காம்பின் நுனியைச் சிறிதே உயர்த்தி, இடஞ்சுழியாக மெல்லத் திருப்பின், மீன்கள் கிழக்கே எழுந்து மேற்கே படிவதைக் குழந்தைகள் குடையினுள் நோக்கியே காண்பர். தென்வானத்துக்கு வேறொரு குடை வைத்துக்கொண்டோம்.

பட்டாசு செய்யும் ஊரிற் பிறந்த குழந்தைக்கு நெருப்பின் நிறங்கள் புதியன அல்ல. சிவப்பு மத்தாப்புக்கு ஸ்ட்ரான்ஷிய உப்பு, மஞ்சளுக்குச் சோடிய உப்பு, நீலத்துக்குச் செம்பின் உப்பு என்பதைப் பெற்றோர் வாய்க் கேட்டே அறிந்தவரும் உளர். மார்கழி முன்னிரவிற் கீழ்வானில் எழும் திருவாதிரையை யான் காட்டியபோது, “இதிலும் அந்தச் சிவப்பு மருந்துதானா?” என்று ஒரு சிறுவன் வினவினான். மத்தாப்பின் நிறம் உப்பினால் வருவது. மீனின் நிறம் வெம்மையால் வருவது. கொல்லன் உலையிற் காயும் இரும்பு முதலிற் சிவந்து பின்னர் வெளுப்பது போல, ஏறத்தாழ 3,500 பாகை வெம்மையுடைய திருவாதிரை செம்மையாகவும், அதற்கு அணித்தே தோன்றும் 12,000 பாகை வெம்மையுடைய ரைகல் வெண்ணீலமாகவும் ஒளிர்கின்றன. எனினும் அச்சிறுவன் முற்றும் பிழைத்திலன். ஒளியைப் பகுத்து நோக்கின், ஒவ்வொரு தனிமமும் தனக்குரிய கோட்டை அதில் வரைந்து வைத்திருக்கும். 1868 ஆகஸ்ட் 18ஆம் நாள் இந்நாட்டில் தோன்றிய முழு ஞாயிற்று மறைப்பின்போது, ஞாயிற்றின் விளிம்பொளியில் மஞ்சட் கோடொன்று காணப்பட்டது. அது சோடியத்தின் கோடன்று எனத் தெளிந்து, புதிய தனிமத்துக்கு ஹீலியம் என்று பெயரிட்டனர். புவியில் அப்பொருள் கைவந்தது 1895இலேயாம். மத்தாப்பின் ஒளி கண்டு மருந்தைச் சொல்லும் தொழிலாளியின் அறிவும் இவ்வறிவும் ஓரினமே.

குடையிற் பழகிய பின்னரே தொலைநோக்கியைக் கையில் தரல் வேண்டும். எழுபது மில்லிமீட்டர் வில்லையுடைய சிறு கருவியே திங்களின் பள்ளங்களையும், வியாழனின் நான்கு பெருந் துணைக்கோள்களையும், சனியின் வளையத்தையும் காட்டப் போதும். அதனை ஞாயிற்றின்பால் மட்டும் ஒருபோதும் திருப்பலாகாது. கண் கணத்திற் கெடும். 2019 டிசம்பர் 26ஆம் நாளின் ஞாயிற்று மறைப்பை, அட்டையில் ஊசித்துளை இட்டு, சுவரில் வீழ்ந்த படிமத்திலேயே கண்டோம். மருந்தறைக்குள் தீக்குச்சி கொண்டு செல்லலாகாது என்று கேட்டு வளர்ந்த பிள்ளைகளுக்கு இவ்விதியை இருமுறை சொல்ல வேண்டியிருந்ததில்லை.

அவ்விரவுகளில் என் உள்ளத்தை அசைத்த வினா ஒன்று உண்டு. ஆலை விபத்தொன்றிற் பெரியம்மையை இழந்த ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி எம்முடன் வருவாள். தீபாவளி வெடியோசைக்கும் அஞ்சி வீட்டினுள் ஒடுங்குபவள். திருவாதிரை ஒருநாள் வெடிக்கும் என்று யான் சொல்லக் கேட்டதும், “மாமா, அதற்குப் பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா?” என்றாள். எனக்கு உடனே விடை வரவில்லை. “இருப்பதாக ஒருவரும் கண்டதில்லை, அம்மா. அதன் ஒளியே நம்மை வந்து சேர ஐந்நூறு அறுநூறு ஆண்டு செல்லும். நூறாயிரம் ஆண்டுக்குள் என்றோ வெடிக்கும், வெடித்தால் பகலிலும் ஒளி தெரியும், நமக்கு ஒரு தீங்கும் வராது” என்றேன். நம் குருதியின் இரும்பும் எலும்பின் சுண்ணச் சத்தும், முன்னொரு காலத்தில் அவ்வாறு வெடித்த மீன்களிற் சமைந்தவையே என்பதையும் கூறினேன். அவள் நெடுநேரம் பேசாதிருந்து, “இன்னொரு முறை பார்க்கிறேன்” என்று கருவியின் அருகே சென்றாள். அன்றே அச்சம் நீங்கிற்று என்று யான் கூறேன். அடுத்த தீபாவளியிலும் அவள் வீட்டினுள்ளேயே இருந்தாள். ஆயினும் வெடியோசை ஓய்ந்து புகை கலைந்த பின்னர், ஐப்பசி அமாவாசை இருளில் மாடிக்கு முதலில் ஏறியவள் அவளே.

1874இல் வெள்ளி ஞாயிற்றைக் கடந்த காலத்து, சென்னை வானாய்வகத்திற் பணியாற்றிய சிந்தாமணி ரகுநாதாச்சாரியார் அந்நிகழ்ச்சியை விளக்கி இந்திய மொழிகளிற் சிறு நூல் வெளியிட்டார். ஆங்கிலம் அறியாதார்க்கும் வானத்தைத் தம் மொழியில் அறியும் உரிமை உண்டு என்பதை அச்செயல் காட்டிற்று. அப்பணி இன்னும் முற்றுப்பெறவில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவ நண்பர்களே! நும் தெருப் பிள்ளைகளை ஓர் இரவு மாடிக்கு அழைமின். ஒரு கருங்குடையும் ஒரு சுண்ணக்கோலும் போதும். எஞ்சியவற்றை அவர்தம் வினாக்களே நடத்திச் செல்லும்.