பெற்றோல் கொப்பி

ஊரில் ஒரு வாகனத்தைப் பற்றி விசாரிப்பவர்கள் "லீற்றருக்கு எவ்வளவு ஓடும்?" என்றுதான் கேட்பார்கள். ஜேர்மனியர்களோ நூறு கிலோமீற்றருக்கு எத்தனை லீற்றர் வேண்டும் என்று கேட்கிறார்கள். இரண்டும் ஒரே கணக்குத்தான், தலைகீழாகப் போட்டது. லீற்றருக்குப் பன்னிரண்டு கிலோமீற்றர் என்று நாங்கள் பெருமையாகச் சொன்னால், நூறுக்கு எட்டுக்குச் சற்று மேல் என்று அவர்கள் எழுதிக்கொள்வார்கள். ஊர்க் கணக்கு வாகனம் தருவதைச் சொல்கிறது. இவர்களுடைய கணக்கு அது தின்பதைச் சொல்கிறது. சம்பளத்தை எண்ணி வாழ்பவர்களுக்கு இரண்டாவது கணக்குத்தான் உறைக்கும்.

2016ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் நாங்கள் மூவர் சேர்ந்து 450 யூரோவுக்கு ஒரு கார் வாங்கினோம். 1988ஆம் ஆண்டில் செய்தது. 1.6 லீற்றர் எஞ்சின், காபரேற்றர். மூவருக்கும் வேலை சவர்லாந்து மலைப்பக்கத்தில், ஒரே தெருவில் இருக்கும் இரண்டு உணவுவிடுதிகளின் சமையலறைகளில். கோப்பை கழுவுதல், சலாட் வெட்டுதல், இறைச்சி பொரித்தல். கடைசி பஸ் மாலை எட்டு மணிக்குப் போய்விடும். அடுப்பை அணைத்து நிலத்தைத் துடைத்து நாங்கள் வெளியே வர இரவு பதினொன்றரை ஆகும். போக 23 கிலோமீற்றர், வர 23 கிலோமீற்றர். திங்கட்கிழமை மட்டும் ஓய்வு. எங்களில் ஒருவருடைய வதிவிட அனுமதி வேலை ஒப்பந்தத்தோடு கட்டப்பட்டிருந்தது. கார் நின்றால் வேலை நிற்கும், வேலை நின்றால் கடதாசியும் ஆட்டம் காணும்.

காரை ஓட்டியவர் எங்களில் மூத்தவர். அவரை நாங்கள் அண்ணை என்றுதான் கூப்பிடுவோம். இலங்கைச் சாரதி அனுமதிப்பத்திரம் இங்கே வதிவிடம் கிடைத்து ஆறு மாதத்துக்கு மேல் செல்லாது. எழுத்துப் பரீட்சையும் ஓட்டப் பரீட்சையும் திரும்ப எடுக்கவேண்டும். அதற்குரிய காசையும் டொச்சையும் அண்ணை மட்டுமே சேர்த்திருந்தார். ஆகவே திறப்பு அவரிடம், பெற்றோல் அடிப்பதும் அவர், மாதக் கடைசியில் பங்கு கேட்பதும் அவர்.

கோடைகாலம் முழுக்க ஆளுக்கு 45 யூரோ வந்தது. நவம்பரில் அது 67 ஆகியது. கூட வேலைசெய்த ஒருவர் கோப்பை அடுக்கிக்கொண்டே சிரித்தபடி கேட்டார்: "கார் குடிக்குதோ, இல்லாட்டி கார்க்காரர் குடிக்கிறாரோ?"

பகிடிதான். ஆனாலும் மூன்று பேர் ஒரு அறையில் படுத்து, ஒரு பானையில் சமைத்துச் சாப்பிடுகிற வீட்டில் இப்படியான பகிடி இரவில் தூங்காது. திங்கட்கிழமைகளில் அண்ணை எங்கேயாவது ஓடுகிறாரா, ரசீது சரியா என்று ஆளுக்கு ஆள் மனதுக்குள் பார்க்கத் தொடங்கினால் பிறகு அந்த வீடு வீடாக இருக்காது. புலம்பெயர்ந்த இடங்களில் சீட்டுக் காசிலும் தொலைபேசிக் கட்டணத்திலும் உடைந்த சிநேகிதங்களை நாங்கள் நிறையக் கண்டிருக்கிறோம். அண்ணை தானே ஒரு அப்பியாசக் கொப்பியைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். "எழுதுவம். எழுதினால் தெரியும்" என்றார்.

எழுதுவதற்கும் ஒரு முறை உண்டு. பெற்றோல் முள்ளைப் பார்த்துக் கணக்குப் போடக்கூடாது. பழைய காரில் அந்த முள் நினைத்ததைக் காட்டும். தாங்கியை நிரப்பி, குழாய் முதல்முறை "டக்" என்று தானாக நிற்கிற இடத்தில் நிறுத்தவேண்டும். ஓடிய தூரத்தைக் காட்டும் எண்ணைக் குறிக்கவேண்டும். சில நாள் ஓடிய பிறகு அதே நிலையத்தில், முடிந்தால் அதே பம்பில், அதேபோல முதல் "டக்" வரை நிரப்பவேண்டும். இரண்டாவதுமுறை உள்ளே போன லீற்றரை ஓடிய கிலோமீற்றரால் பிரித்து நூறால் பெருக்கினால் விடை. ஒரு தடவை போதாது. மூன்று தடவை எடுத்துச் சராசரி பார்க்கவேண்டும்.

தூரம் காட்டும் கருவியே பொய் சொன்னால்? அதையும் பார்த்தோம். ஒரு திங்கட்கிழமை ஹம் உவென்றொப் காமாட்சி அம்மன் கோவிலுக்குப் போகும்போது ஏ2 நெடுஞ்சாலையின் ஓரத்தில் ஒவ்வொரு 500 மீற்றருக்கும் நிற்கும் சிறிய நீலப் பலகைகளை எண்ணினோம். நாற்பது இடைவெளி, இருபது கிலோமீற்றர். கருவியும் ஏறக்குறைய அதையே காட்டியது. மூன்று நிரப்புதலின் சராசரி 100 கிலோமீற்றருக்கு 12.9 லீற்றர். ஊர்க் கணக்கில் லீற்றருக்கு எட்டுக் கிலோமீற்றரும் இல்லை. அண்ணைமீது விழ இருந்த நிழல் அந்தப் பக்கத்தோடு விலகியது. குடித்தது கார்தான். இனி அது எங்கே குடிக்கிறது என்று கண்டுபிடிக்கவேண்டும்.

செலவில்லாதவற்றிலிருந்து தொடங்கினோம். இரவில் காருக்குக் கீழே காட்போட் மட்டை விரித்தோம். காலையில் மட்டை காய்ந்திருந்தது, ஒழுக்கு இல்லை. ரயர்களில் காற்றுக் குறைவாக இருந்தது. நிரப்பினோம், கொப்பியில் பெரிய மாற்றம் தெரியவில்லை. பிறேக் இறுகி இழுக்கிறதா என்று, ஓடி வந்தவுடன் நான்கு சில்லுகளின் நடுப்பகுதியையும் கையால் தொட்டுப் பார்த்தோம். ஒன்று மட்டும் கொதித்தால் அங்கே பிறேக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். முன்னிரண்டும் ஒரே சூடு, பின்னிரண்டும் ஒரே சூடு. வளிவடிகட்டி சுத்தமாக இருந்தது. பிறகு பிளக்குகளைக் கழற்றினோம். நான்கும் உலர்ந்த கரி பிடித்து அடுப்படிச் சுவர்போல இருந்தன.

இந்தக் கரி ஒரு சாட்சி. ஒரு பிளக் மட்டும் கறுத்திருந்தால் அந்த ஒரு சிலிண்டரில் நோய். நான்கும் ஒரேமாதிரிக் கறுத்தால் நான்குக்கும் பொதுவான இடத்தில் நோய். எரிவதற்கு வேண்டியதற்கு மேலாகப் பெற்றோல் போகிறது.

எங்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் பௌதிகத்தை இரண்டாம் வருடத்தோடு விட்டு வந்தவர். பரீட்சைக்காக மனனம் செய்த பேர்னூலி தத்துவம் இப்போதுதான் உதவிக்கு வந்தது. காபரேற்றரில் ஒரு ஒடுங்கிய கழுத்து உண்டு. எஞ்சின் இழுக்கும் வளி அந்தக் கழுத்தில் வேகமாகப் போகும்போது அங்கே அமுக்கம் குறையும். பக்கத்தில் மிதவை வைத்த சிறு தொட்டியிலிருந்து பெற்றோல் அந்தக் குறைந்த அமுக்கத்துக்கு இழுபட்டுத் தூவலாகக் கலக்கும். நிறையில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு வளி இருந்தால் மிச்சமில்லாமல் எரியும். ஆனால் எஞ்சின் குளிராக இருந்தால் பெற்றோல் ஆவியாகாமல் குழாய்ச் சுவரில் படிந்துவிடும். அதனால் தொடக்கத்தில் கூடுதலாகக் கொடுக்கவேண்டும். அதற்குத்தான் சோக்: வளி வரும் வாயை ஒரு தகடு மறைக்கும், பெற்றோலின் பங்கு ஏறும்.

ஊரில் ஓடிய பழைய கார்களில் சோக்கைக் கையால் இழுத்துக் கையால் விடுவார்கள். மறந்தால் புகை காட்டிக்கொடுக்கும். 1980களின் ஜேர்மன் கார்களில் பலவற்றுக்கு நொய்ஸ் நகரத்துப் பியர்பேர்க் நிறுவனத்தின் காபரேற்றர்கள் வந்தன. அவற்றில் பெரும்பாலும் சோக் தானாக இயங்கும். ஒரு ஈருலோகச் சுருள் சூடேறி வளைந்து தகட்டைத் திறக்கும். அந்தச் சூட்டைச் சிலவற்றில் மின்சாரம் கொடுக்கும், சிலவற்றில் எஞ்சினைச் சுற்றிவரும் நீர் கொடுக்கும், சிலவற்றில் இரண்டும். எங்கள் காரில் நீருக்குத்தான் முக்கிய வேலை.

23 கிலோமீற்றர் ஓடி வந்தவுடன் மூடியைக் கழற்றிப் பார்த்தோம். நேராக நிற்கவேண்டிய தகடு பாதி மூடியபடி நின்றது. ஒரு கராச்சில் காட்டினோம். காபரேற்றரையே மாற்றவேண்டும், கூலியோடு 400 யூரோவுக்கு மேல் வரும் என்றார்கள். எங்களோடு கதைத்த பையனுக்கு இருபது வயது இருக்கும். அவன் காபரேற்றரைப் பாடமாகக்கூடப் படித்திருக்கமாட்டான். 1990களின் தொடக்கத்தில் வந்த புகைச் சட்டங்களோடு புதிய கார்களிலிருந்து காபரேற்றர் மறைந்துவிட்டது. மிஞ்சியவற்றில் கணிசமானவை 2009இல் போயின. அந்த ஆண்டு ஒன்பது வயது கடந்த காரை உடைக்கக் கொடுத்துப் புதியது வாங்கினால் 2500 யூரோ என்று அரசு அறிவித்தது. ஏறக்குறைய இருபது இலட்சம் கார்கள் அப்படி நசுக்கப்பட்டன. கார்கள் போனால் அவற்றைத் தெரிந்த கைகளும் போகும்.

400 யூரோ என்றால் கிட்டத்தட்ட இன்னொரு கார். அன்றிரவு ஊருக்குத் தொலைபேசி எடுத்தோம். எங்கள் உறவுக்கார மாமா ஒருவர் யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40 காரை வாடகைக்கு ஓடியவர். 1990 ஜூனில் யுத்தம் மீண்டும் தொடங்கியபின் குடாநாட்டுக்குப் பெற்றோல் தடை செய்யப்பட்டது. அந்த வருடங்களில் கார்களும் மோட்டார் சைக்கிள்களும் மண்ணெண்ணெயில் ஓடின. சின்னப் போத்தலில் வைத்திருந்த பெற்றோலில் சில துளியைக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, எஞ்சின் சூடானபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். பொன்னின் விலை விற்ற பெற்றோலை மருந்துபோல அளந்த மனிதர்கள் அவர்கள்.

நாங்கள் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு மாமா ஒரு கேள்விதான் கேட்டார்.

"தம்பியவை, முதல்ல எஞ்சின் சூடாகுதோ எண்டு பாத்தனியளோ?"

"பழைய கார்தானே மாமா, ஹீற்றரே இளஞ்சூடாத்தான் வருது."

"பேந்தென்ன! தகடு தன்ர வேலையைச் சரியாத்தான் செய்யுது. எஞ்சின் குளிர் எண்டு அதுக்குத் தெரியுது, மூடி வைச்சிருக்கு. மண்ணெண்ணெயில ஓடேக்க நாங்கள் றேடியேற்றருக்கு முன்னால சாக்குக் கட்டினனாங்கள். சூடில்லாட்டி எண்ணெய் எரியாது. நீங்கள் அதை மட்டை வைச்சுப் பாருங்கோ."

அடுத்தநாள் றேடியேற்றருக்கு முன்னால் பாதி மறைக்க மட்டை செருகினோம். சூட்டு முள் கொதிநிலைப் பக்கம் போகிறதா என்று கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டு ஓடினோம். கால்வாசியைத் தாண்டாத முள் பத்தாவது கிலோமீற்றரில் நடுவுக்கு வந்தது. ஹீற்றர் சுட்டது. நிறுத்தி மூடியைத் திறந்தால் தகடு நேராக நின்றது. காபரேற்றருக்கு ஒரு வருத்தமும் இல்லை.

குற்றவாளி தேர்மோஸ்ராற். எஞ்சின் சூடாகும்வரை நீரை றேடியேற்றருக்குப் போகவிடாமல் அடைத்து வைத்திருக்கும் சிறிய வால்வு அது. உள்ளே மெழுகு. சூடேற மெழுகு விரிந்து வாயைத் திறக்கும். கழற்றிய பழையதைச் சமையலறையில் ஒதுக்கிவைத்த ஒரு பழஞ்சட்டியில் தண்ணீர் விட்டு, நூலில் கட்டித் தொங்கவிட்டோம். பச்சைத் தண்ணீரிலேயே வாய் திறந்தபடி கிடந்தது. புதியதையும் அதேபோல அடுப்பில் வைத்து, சீனிப்பாகுக்குப் பாவிக்கும் வெப்பமானியால் பார்த்தோம். அதில் 87 பாகை என்று பொறித்திருந்தது. அந்த அளவில்தான் மெல்ல வாய் திறந்தது. விலை 12 யூரோ. வெயில்காலத்தில் வெளிச்சூடு இந்தக் குறையை ஓரளவு மறைத்திருந்தது. நவம்பர் குளிர் அதை வெளியே இழுத்துவிட்டது.

பிளக்குகளைச் சுத்தம் செய்து, புதிய தேர்மோஸ்ராற்றோடு மூன்று தடவை நிரப்பி எழுதினோம். சராசரி 8.4 லீற்றர். மாதம் 1200 கிலோமீற்றருக்கு 54 லீற்றர் மிச்சம். அப்போதைய விலையில், லீற்றர் ஏறக்குறைய 1 யூரோ 30 சதம் என்று வைத்தால், 70 யூரோ. பங்கு திரும்ப 45க்கு வந்தது. பகிடி விட்டவர் அதைப் பற்றிப் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. அண்ணையும் கேட்கவில்லை.

பழைய கார் வைத்திருக்கும் நண்பர்களுக்கு நாங்கள் சொல்லக்கூடியது இவ்வளவுதான். முதலில் அளந்து எழுதுங்கள். பிறகு காசு செலவழியாத சோதனைகளைச் செய்யுங்கள்: ஒழுக்கு, காற்று, பிறேக், வளிவடிகட்டி, பிளக்கின் நிறம், எஞ்சினின் சூடு. காபரேற்றரில் கைவைப்பது கடைசியில். அதிலும் ஒரு பாகம் வேலை செய்யவில்லை என்று சொல்லமுன், அதற்குக் கிடைக்கவேண்டியது கிடைக்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் கார் 2019இல் அடித்தகடு துருப்பிடித்துப் பரிசோதனையில் தேறாமல் போயிற்று. எஞ்சின் அன்றும் நன்றாகத்தான் ஓடியது. அதற்குப்பின் வாங்கியதில் காபரேற்றர் இல்லை. சராசரியைக் கண்ணாடிக்குக் கீழே அதுவே எழுத்தில் காட்டும். ஆனாலும் ஒவ்வொருமுறை பெற்றோல் அடிக்கும்போதும் அண்ணை கொப்பியில் எழுதுகிறார். இப்போது மூன்றாவது கொப்பி ஓடுகிறது.