உணராத உடலின் மொழி



விருத்தாசலத்துப் பீங்கான் தொழிற்பேட்டையில், சூளைக் கொட்டகையின் கூரையிலிருந்து எங்கள் தம்பி விழுந்து நான்கு ஆண்டுகள் ஆகின்றன. கழுத்தில் தண்டுவடம் நசுங்கியது. கால்கள் இயங்கா, கைகள் ஓரளவே இயங்கும் என்றார் மருத்துவர். இழப்பு அவ்வளவே என்று எண்ணினோம். மூச்சும் இரத்த ஓட்டமும் அதே நரம்புவழியைச் சார்ந்தவை என்பதை அறியாதிருந்தோம்.

உதரவிதானத்தை இயக்கும் நரம்பு, கழுத்துத் தண்டுவடத்தின் 3, 4, 5ஆம் நிலைகளிலிருந்து புறப்படுகிறது. தம்பியின் காயம் அதற்குக் கீழே இருந்ததால் மூச்சு நிற்கவில்லை, அல்ஹம்துலில்லாஹ். ஆனால், விலாத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் செயலிழந்ததால் இருமல் வலுவிழந்தது, சளி தேங்கியது. அசைத்தால் துன்புறுவானே என்று படுத்தபடியே விட்டிருந்தோம். அந்த இரக்கமே நிமோனியாவுக்கு வழிவிட்டது.

பின்னர் வேலூர் பாகாயத்திலுள்ள மறுவாழ்வு மையத்துக்கு அழைத்துச் சென்றோம். 1954இல் விபத்தொன்றில் கால்கள் செயலிழந்த பின்னும், சக்கர நாற்காலியில் அமர்ந்தே மருத்துவம் செய்த டாக்டர் மேரி வர்கீஸின் முயற்சியால் 1966இல் உருவானது அது. இயன்முறை மருத்துவர் எங்கள் கைகளுக்குப் பாடம் சொன்னார்: அவன் இரும முயலும் நொடியிலேயே விலாவுக்குக் கீழே உள்ளங்கைகளை வைத்து, உள்நோக்கியும் மேல்நோக்கியும் அழுத்த வேண்டும். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். திடீரென உட்காரவைத்தால் இரத்த அழுத்தம் சரிந்து மயக்கம் வரும். தலைப்பக்கத்தைப் படிப்படியாகவே உயர்த்த வேண்டும்.

ஒரு ரமளான் இரவு, தராவீஹ் முடிந்து வீடு திரும்பினோம். தலை வெடிப்பதாகத் தம்பி துடித்தான். முகம் சிவந்து வியர்த்திருந்தது. அம்மா தைலத்தைத் தேடினார். நாங்களோ, இத்தகைய தலைவலிக்கென்றே சொல்லித்தந்திருந்தபடி, அவனை உடனே நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறுநீர் வடியும் குழாயைப் பார்த்தோம். அது மடங்கிக் கிடந்தது. நேராக்கியதும் சிறுநீர் வடிந்தது; சற்று நேரத்தில் தலைவலியும் தணிந்தது. மார்புத் தண்டுவடத்தின் 6ஆம் நிலையிலோ அதற்கு மேலோ காயமுற்றவர்களுக்கு, நிரம்பிய சிறுநீர்ப்பை ஒன்றே இரத்த அழுத்தத்தை உயிருக்கு ஆபத்தாகும் அளவு ஏற்றிவிடக்கூடும். தணியாவிட்டால் ஒரு நிமிடமும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

நிற்க இயலாதவர் அமர்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்தும் தொழ மார்க்கம் இடமளித்திருக்கிறது. தம்பி சாய்ந்தபடி சைகையால் தொழுகிறான். முன்பு பாதியில் அறுந்த அவனது தக்பீர், நாள்தோறும் செய்த மூச்சுப் பயிற்சியால் இன்று ஒரே மூச்சில் நிறைவடைகிறது.

இத்தகைய நோயாளி உங்கள் இல்லத்தில் இருந்தால், அன்புகூர்ந்து ஒருவரல்ல, இருவரேனும் இக்கைப்பாடத்தைக் கற்றுக்கொள்ளுங்கள். ஒருவர் தொழச் சென்றிருக்கையில் மற்றவர் அருகிலிருப்பார்.