லங்காவிப் பயணம் கற்பித்த பாடம்

கடல் மட்டத்திலிருந்து 1,000 மீட்டருக்கும் மேலே, தேயிலைச் செடிகளுக்கும் காய்கறித் தோட்டங்களுக்கும் நடுவே வாழ்கின்றவர்கள் நாம். கோலா தெர்லாவில் வளரும் நம் பிள்ளைகளுக்குப் பனியும் மழையும் பழகியவை. கடலோ, பலருக்குப் பாடநூலில் உள்ள படம் மட்டுமே. ஆகவே, ஆறாம் ஆண்டு மாணவர் 18 பேரையும் 2025 டிசம்பரில் ஒரு தீவுக்கு விமானத்தில் அழைத்துச் செல்லலாம் என்று பெற்றோர் ஆசிரியர் சங்கம் தீர்மானித்தபோது பள்ளி முழுவதும் மகிழ்ந்தது. அப்பயணத்தைத் திட்டமிட்ட வகையையும் அதனால் நாம் அறிந்தவற்றையும் எழுதிவைப்பது பிறருக்கும் பயன்படும் எனக் கருதுகின்றோம்.

எந்தத் தீவு என்பதே முதற்கேள்வி. நம் பகாங் மாநிலத்துக்கே உரிய தியோமானைப் பலர் விரும்பினர். ஆனால், ஆண்டின் இறுதியில் வீசும் வடகிழக்குப் பருவக்காற்று கிழக்குக் கரைக் கடலைக் கொந்தளிக்கச் செய்யும். அம்மாதங்களில் அங்கே விடுதிகள் பல மூடப்படும்; படகுகளும் குறையும். மேற்கே உள்ள லங்காவியையோ தீபகற்பத்தின் மலைத்தொடர் அக்காற்றினின்று காக்கின்றது. ஒரே மாதத்தில் ஒரு கரையில் அடைமழையும் மறுகரையில் வெயிலும் இருக்கும் விந்தையை மாணவர்கள் நிலப்படத்தை விரித்துவைத்துத் தாமே விளக்கினர். லங்காவி உறுதியாயிற்று.

அடுத்தது வழி. கம்போங் ராஜா, சிம்பாங் பூலாய் வழியாக மலையிறங்கி, ஈப்போவைக் கடந்து பினாங்கு வரை பேருந்து. பாயான் லெப்பாஸ் நிலையத்திலிருந்து விமானம். வானில் செல்வது அரைமணி நேரத்துக்குச் சற்றே மிகும். செலவைக் குறைக்க வேண்டித் திரும்பும்போது குவா துறையிலிருந்து கோலா பெர்லிசுக்குப் படகில் வருவதென்றும், பேருந்து அங்கே காத்திருப்பதென்றும் முடிவாயிற்று. விமானச் சீட்டை முன்கூட்டியே வாங்கினால் கட்டணம் குறையும். நாள் நெருங்க நெருங்க அது ஏறும். ஆதலால் மே மாதத்திலேயே வாங்கிவிட எண்ணினோம். நாட்சம்பளத்தில் வாழும் குடும்பங்கள் மாதம் 10 வெள்ளியாகச் சேர்த்துவந்த பணம் அது. வீணாக்க நமக்கு உரிமையில்லை.

சீட்டு வாங்க உட்கார்ந்தபோதுதான் உண்மையான வேலை தொடங்கிற்று. சீட்டில் உள்ள பெயரும் அடையாள ஆவணத்தில் உள்ள பெயரும் எழுத்துப் பிசகாமல் ஒத்திருக்க வேண்டும். 12 வயது நிறைந்தோர்க்கு மைகார்டு. நிறையாதோர்க்கு மைகிட் அல்லது பிறப்புப் பத்திரம். நம் பிள்ளைகளுக்கோ வீட்டில் ஒரு பெயர், வகுப்பில் ஒரு பெயர், பத்திரத்தில் ஒரு பெயர். ஒருவனுடைய பத்திரத்தில் தந்தையின் பெயர் பாதியாய் நின்றது. மற்றொருத்தியின் பெயரில் ஓர் எழுத்து மிகுந்திருந்தது. ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரை ரூமி எழுத்தில் பத்திரத்தைப் பார்த்து எழுதிவர வேண்டும் என்று பணித்தோம். 17 தாள்கள் வந்தன.

தாள் கொண்டுவராத மாணவிக்குப் பிறப்புப் பத்திரமே இல்லை. அவள் பிறந்தது லயத்தில். பெற்றோரின் திருமணம் தோட்டத்துக் கோயிலில் நடந்தது, பதிவாகவில்லை. அதனால் பதிவு இலாகாவுக்குப் போகத் தாய் அஞ்சினாள். ஆண்டுகள் ஓடின. தற்காலிக ஏற்பாட்டில் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த அப்பிள்ளைக்கு, விமானத்தில் ஏற வழியில்லை.

பெற்றோர் கூட்டம் கூடிற்று. அவளது விண்ணப்பம் முடிய மாதங்கள் ஆகலாம். அதற்குள் மலிவுக் கட்டணம் போய்விடும் என்று கணக்கை விளக்கினோம். சற்று நேரம் எவரும் பேசவில்லை. பின்பு கொழுந்து பறிக்கும் அம்மையார் ஒருவர் எழுந்து, “பதினெட்டுப் புள்ளைங்கன்னு சொல்லித்தானே காசு சேர்த்தோம், பதினேழா எப்படிங்க ஐயா போறது?” என்றார். காத்திருப்பதென்று முடிவாயிற்று.

தாயும் தந்தையும் வேலையை விட்டுப் பலமுறை அலைந்தனர். பேறு பார்த்த மூதாட்டியும் சாட்சி சொல்ல உடன் சென்றார். அக்டோபரில் பத்திரம் கிடைத்தது. அதற்குள் கட்டணம் தலைக்கு 40 வெள்ளி ஏறியிருந்தது. எல்லாக் குடும்பங்களும் அதைத் தாங்கிக்கொண்டன.

கைப்பை 7 கிலோவுக்கு மேற்படலாகாது என்பதால், கொழுந்து நிறுக்கும் தராசிலேயே பைகளை நிறுத்துப் புறப்பட்டோம். பினாங்குப் பாலத்தில் செல்கையில் தென்புறம் தெரிந்த ஜெரஜாக் தீவை மாணவர்க்குக் காட்டினோம். நம் முன்னோர் பலர் இந்நாட்டில் முதலில் கால்வைத்த இடம் அது. சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் கப்பலில் வந்த தொழிலாளரை நோய்த்தடுப்புக்காக அங்கே நிறுத்திவைத்தனர். 1907இல் தோன்றிய குடியேற்ற நிதி அவர்களுடைய கப்பல் கட்டணத்தைச் செலுத்திற்று. அவர்களுக்கு வேண்டிய சீட்டைப் பிறர் வாங்கினர், போகும் தோட்டத்தைப் பிறர் குறித்தனர். 1938இல் இந்திய அரசு அவ்வகைக் குடியேற்றத்தைத் தடைசெய்தது. அவர்களின் கொள்ளுப்பேரப் பிள்ளைகள் இன்று தம் பெயர் பொறித்த சீட்டுடன் மற்றொரு தீவுக்குப் போகின்றனர் என்று கூறினோம். பேருந்து சிறிது நேரம் அமைதியாக இருந்தது.

லங்காவியில் மாணவர்கள் கண்டவை பல. 2007இல் யுனெஸ்கோ நிலவியல் பூங்காவாக ஏற்ற பழம்பாறைகளும், மாட்சிஞ்சாங் மலைமேல் செல்லும் கம்பிவட ஊர்தியும் அவற்றுட் சில. மேலே மேகம் சூழ்ந்தபோது, “நம்ம ஊர் மாதிரியே இருக்குங்க ஐயா!” என்றான் ஒருவன். கடல்நீர் உண்மையிலேயே உப்புக் கரிக்கின்றதா என்று 18 பேரும் நாவில் வைத்துப் பார்த்தனர்.

பெற்றோர்களே, குழந்தை பிறந்த 60 நாள்களுக்குள் பிறப்பைப் பதிவு செய்துவிடுங்கள். 1982 மார்ச் முதல் தேதியிலிருந்து திருமணப் பதிவும் சட்டப்படி கட்டாயம். கோயிலில் தாலி கட்டிய பின் பதிவு அலுவலகத்துக்கும் செல்லுங்கள். பத்திரத்தில் பெயர்ப்பிழை இருப்பின் இன்றே திருத்த முயலுங்கள். பள்ளி, தேர்வு, வேலை எங்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவது அத்தாளே. மனு எழுதத் தெரியாதோர் மாலை வேளையில் பள்ளிக்கு வாருங்கள். எழுதித் தர நாம் இருக்கின்றோம்.